லாட் நம்பரைப் பாராமல் உல்லன் விற்கலாமா?

கிரானி ஸ்கொயர் கார்டிகன் பின்ன நூல் கேட்டு இப்போது கல்லூரிப் பெண்களும் நம் கடைப்படி ஏறுகிறார்கள். நடுவிலிருந்து மும்மூன்று கண்ணிகளாகச் சுற்றிச் சுற்றி வளரும் சிறு சதுரங்களைக் குரோஷா ஊசியால் பின்னி, ஒன்றோடொன்று இணைத்தால் முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர். பெயர்தான் பாட்டிச் சதுரம், உடுத்துவது பேத்தி! மிச்ச நூலுக்கு ஏற்ற வேலை இது. ஸ்டாக்கில் ஒன்றும் இரண்டுமாகத் தேங்கிய உருண்டைகளைக் கலந்து கட்டி, நடுச் சுற்றுகளுக்கென்று தாராளமாக விற்கலாம். தடிமன் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். 4 பிளையும் 8 பிளையும் கலந்தால் சதுரங்கள் ஒரே அளவில் வாரா.

கடைசிச் சுற்று அப்படியன்று. எல்லாச் சதுரங்களையும் சேர்ப்பது அந்த ஒரே நிறம்தான். கழுத்துப்பட்டியும் கைப்பட்டியும் பெரும்பாலும் அதிலேயே வரும். ஷேடு எண் ஒன்றேயானாலும், சாயம் போட்ட லாட் மாறினால் நிறம் சற்று மாறக்கூடும். உருண்டையில் தெரியாது, பின்னி முடித்தபின் முதுகில் பளிச்சென்று தெரியும். மாதக்கணக்கான உழைப்பு வீண். அந்த அம்மாள் ஆலையைத் திட்டமாட்டார், நம்மைத்தான் திட்டுவார்.

ஆகவே அந்த நிறத்தை ஒரே லாட்டில், இரண்டு உருண்டை கூடுதலாகவே கொடுங்கள். லேபிள் கிழியாததைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதுங்கள். கையில் காசு போதவில்லை என்றால், மிச்சத்தைப் பெயரெழுதி ஒரு மாதம் எடுத்து வையுங்கள். முடங்கும் முதல் சொற்பம். ஒரே பண்டலுக்குள் இரண்டு லாட் வராமல் மொத்த வியாபாரிகள் பார்த்து அனுப்பினால்தான் கடைக்காரர் இதைச் செய்ய முடியும். பண்டலின் மேலேயே லாட் எண்ணைப் பெரிதாக அச்சிட வேண்டுமென்று நம் சங்கம் ஆலைகளுக்கு எழுதட்டும்.