திருத்தாத தரவுதான் பொய் சொல்லும்

விண்வெளியில் காற்று இல்லை, மேகம் இல்லை, தூசி இல்லை. ஆகவே அங்கே சுற்றும் தொலைநோக்கி காட்டுவதெல்லாம் உள்ளது உள்ளபடி. நன்கு படித்தவர்களிடமும் வேரூன்றிப்போன நம்பிக்கை இது. இதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வருகிறது: வந்த தரவை விஞ்ஞானிகள் ‘திருத்துகிறார்கள்’ என்று கேட்டதும், ‘அப்படியா, கைவரிசை காட்டிவிட்டார்களா?’ என்று கண் சிமிட்டுவது. முதலாவது அறியாமை. இரண்டாவது, அறியாமையின் மேல் ஏறி நின்றுகொண்டு பேசும் மேதாவித்தனம்.

புற ஊதாக் கருவிகளைப் பாருங்கள். கருவியோடு மேலே போகும் பசை, பெயின்ட், வயர் உறை எல்லாம் வெற்றிடத்தில் மெல்ல ஆவி விடும். அது கண்ணாடிமேல் மிக மெல்லிய படலமாகப் படியும். சாதாரண ஒளி அதைச் சட்டை செய்யாமல் கடந்துவிடும். புற ஊதா கடக்காது. போதாததற்கு, மேலே விழும் புற ஊதாவே அந்த அழுக்கைக் கண்ணாடியோடு இறுக்கி ஒட்டவைக்கும். இந்தியாவின் அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்டது. அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியின் கதவுகளை நவம்பர் 30 வரை திறக்காமல் வைத்திருந்தது இந்தப் பயத்தால்தான். ஹப்பிளின் இரண்டாம் அகலப்புலக் கேமராவை ஏறக்குறைய மாதம் ஒருமுறை சூடேற்றி அழுக்கை விரட்டினார்கள். 2009இல் ஹப்பிளில் பொருத்திய காஸ் நிறமாலைமானியிலோ உணரியே தேய்ந்தது. ஒளி அதிகம் விழுந்த இடம் சோர்ந்துபோக, 2012, 2015, 2017 என்று நிறமாலை விழும் இடத்தை நகர்த்திக்கொண்டே போனார்கள்.

‘பூமியிலேயே அளந்துதானே அனுப்பினார்கள்?’ என்பார்கள். அளந்தார்கள்தான். கடைத் தராசுக்கு ஒருமுறை முத்திரை வைத்தால் ஆயுள் முழுவதும் போதும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே! சுற்றுப்பாதையில் எடைக்கல்லுக்கு எங்கே போவது? அதற்குத்தான் நட்சத்திரம்.

ஆனால் கண்ட நட்சத்திரமெல்லாம் ஆகாது. வேகா போன்றவை இந்த நுண்ணிய உணரிகளுக்கு மிகப் பிரகாசம். பல நட்சத்திரங்களின் ஒளி நிலையாக இருப்பதில்லை. வெண்குறுமீன் என்ற வகை நட்சத்திரங்கள்தான் வாகாக அமைந்தன. அவற்றில் ஜிடி 71, ஜிடி 153 இரண்டின் வளிமண்டலமும் ஏறக்குறைய வெறும் ஹைட்ரஜன். வெப்பநிலை 30,000 கெல்வினுக்கு மேல். ஹப்பிள் இவற்றையே உரைகல்லாக வைத்திருக்கிறது. அஸ்ட்ரோசாட்டுக்கு ரிஷப ராசியிலுள்ள ஹெச்இசட் 4 என்ற வெண்குறுமீன். உணர்திறன் காலப்போக்கில் குறைகிறதா என்று பார்க்க, வானின் வட துருவத்தையொட்டிய என்ஜிசி 188 நட்சத்திரக் கொத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி உண்டு. நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் அளந்துவிட்டு, தொலைநோக்கியை அதே நட்சத்திரத்தால் சரிபார்ப்பது சுற்றி வளைத்து ஏமாற்றுவது ஆகாதா? ஆகாது. தரையிலுள்ள தொலைநோக்கிகள் அந்த நட்சத்திரத்தின் ஹைட்ரஜன் கோடுகளை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பதிவுசெய்கின்றன. கோடுகளின் வடிவம் வெப்பநிலையையும் ஈர்ப்பையும் சொல்லிவிடும். அவற்றிலிருந்து புற ஊதாவில் எவ்வளவு ஒளி வரவேண்டும் என்பதை இயற்பியல் கணக்கிட்டுத் தருகிறது. விண்ணிலுள்ள கருவிக்கு அந்தக் கணக்கில் பங்கில்லை. இம்முறையிலும் பிழை உண்டு. அந்தப் பிழை எவ்வளவு என்பதையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். பூசி மெழுகுகிறவன் அப்படிச் செய்வதில்லை.

திருத்தாத தரவு என்னவாக இருக்கும் தெரியுமா? அஸ்ட்ரோசாட்டின் புற ஊதா உணரி முழுப்புலத்தையும் வினாடிக்குச் சுமார் 29 சட்டகங்களாகப் படிக்கிறது. ஒரே சட்டகத்தில், ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான்கள் விழுந்தால் ஒன்று என்றே எண்ணும். பிரகாசமான நட்சத்திரம் மங்கலாகப் பதிவாகும். ‘கைபடாத உண்மை’ கேட்பவர்களுக்குக் கிடைப்பது இந்தத் தப்புக் கணக்குதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ‘இதைத் திருத்தினார்களா?’ என்று இனிக் கேட்காதீர்கள். எந்த நட்சத்திரத்தை வைத்துத் திருத்தினார்கள், கடைசியாக எப்போது, பிழை எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அப்போது சந்தேகப்படுங்கள்.