கற்பித்தல் அனுபவங்களைப் பகிரும் ஆசிரியர்கள்: ஈராண்டுக் கல்லூரிகள் உணர்த்தும் உண்மை

பல்கலைக்கழக வாயிலைத் தாண்ட முடியாத மாணவர்களுக்கு எத்தகைய கல்வியை வழங்குவது என்ற கேள்வி, எமது நாட்டில் மட்டுமன்றிச் செல்வந்த நாடுகளிலும் தீராத பிரச்சினையாகவே இருந்து வருகின்றது. அமெரிக்கா இக்கேள்விக்கு அளித்த பதிலே சமுதாயக் கல்லூரி எனப்படும் ஈராண்டுக் கல்லூரி முறைமையாகும். 1901 ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பாடசாலையொன்றை ஒட்டி ஆரம்பிக்கப்பட்ட கனிஷ்ட கல்லூரியை இதன் தொடக்கமாகக் கொள்வர். ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு 1947 இல் வெளியிட்ட அறிக்கை, இக்கல்லூரிகளை நாடெங்கும் பரப்புமாறு வேண்டியது. இன்று அங்கு ஏறக்குறைய ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் இயங்குகின்றன. 2021 முதல் 2025 ஜனவரி வரை ஜனாதிபதியாகவிருந்த ஜோ பைடனின் துணைவியார் ஜில் பைடன், வெள்ளை மாளிகையில் வாழ்ந்த காலத்திலும் வட வேர்ஜினியாவிலுள்ள இத்தகைய கல்லூரியொன்றில் ஆங்கிலம் கற்பித்து வந்தார். இலங்கையில் ஜனாதிபதியொருவரின் துணைவியார் தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் விடைத்தாள் திருத்துவதை எம்மால் கற்பனை செய்தும் பார்க்க முடியவில்லை.

இக்கல்லூரிகளின் கதவு பெரும்பாலும் எவருக்கும் அடைக்கப்படுவதில்லை. வேலையிழந்த நடுவயதினர், கைக்குழந்தையோடு படிக்கும் தாய்மார், அண்மையில் குடியேறிய அகதிகள், பாடசாலையில் கணிதத்தைக் கண்டு ஓடியவர்கள் என்று பலரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்திருப்பர். எனவே நுழைவாயிலில் மட்டம் காணும் பரீட்சையொன்று நடத்தப்பட்டு, பின்தங்கியவர்கள் எனக் கருதப்பட்டோர் பரிகாரக் கற்பித்தல் வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். ஒருவர் எவ்வளவு பின்தங்கியிருக்கின்றாரோ அவ்வளவுக்குப் படிகள் கூடும். எண்கணிதம், அடிப்படை அட்சரகணிதம், இடைநிலை அட்சரகணிதம் ஆகிய படிகளையெல்லாம் கடந்த பின்னரே கல்லூரித் தரக் கணிதத்துக்கு அவர் வரலாம். பலவீனமான மாணவனுக்கு அதிக காலமும் மெதுவான கற்பித்தலும் தேவை என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. இது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். எமது ஆசிரியர்களில் பெரும்பாலானோரும் இவ்வாறே நம்புகின்றனர்.

எனினும் கணக்கு வேறொன்றைக் கூறியது. மூன்று பரிகாரப் படிகளும் அதன்பின் கல்லூரித் தரப் பாடமும் உள்ள ஏணியொன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் சித்தியடைகின்றனர் என்றும், சித்தியடைந்தோரில் நூற்றுக்கு எண்பது பேர் அடுத்த படியில் சேர்கின்றனர் என்றும் வைத்துக்கொண்டால், எந்த ஆசிரியரும் வெட்கப்பட வேண்டிய பெறுபேறு அன்று இது. ஆனால் முதற் படியில் நின்ற நூறு பேரில் எழுபது பேர் சித்தியடைவர். 56 பேர் இரண்டாம் படியில் சேர்வர். 39 பேர் அதைக் கடப்பர். 31 பேர் மூன்றாம் படிக்கு வருவர். 22 பேர் தேறுவர். 18 பேரளவில் கல்லூரித் தரப் பாடத்தில் சேர்வர். இறுதியில் தேறுவோர் பன்னிருவர் மட்டுமே. எந்தவொரு வகுப்பறையிலும் பேரழிவு நிகழவில்லை. ஆயினும் எண்பத்தெட்டுப் பேர் மறைந்து விட்டனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமுதாயக் கல்லூரி ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. கணிதத்தில் மூன்று படிகளோ அதற்கு மேலோ பின்தங்கியோர் என வகைப்படுத்தப்பட்டவர்களுள் ஏறக்குறைய ஆறிலொரு பங்கினரே பரிகாரத் தொடரை முடித்திருந்தனர். பரிகார வகுப்புக்கு அனுப்பப்பட்டோரில் பத்தில் மூவர் அளவில் முதல் வகுப்பிற்கே வந்து சேரவில்லை.

இவ்வளவு பெரிய இழப்பு நீண்ட காலமாக எவர் கண்ணிலும் படாதது ஏன்? ஒவ்வோர் ஆசிரியரும் தமது வகுப்பை மட்டுமே கண்டார் என்பதே இதற்கான விடை. கார்னகி மன்றத்தின் தலைவராக விளங்கிய கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1993 இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆய்வு தனிமையானது, கற்பித்தலே கூட்டு வாழ்வு என்று தாம் எதிர்பார்த்துக் கல்வித்துறைக்கு வந்ததாகவும், உண்மை அதற்கு நேர்மாறாக இருந்ததாகவும் குறிப்பிட்டார். ஆய்வாளன் தனது முடிவைச் சஞ்சிகையில் வெளியிட்டு மற்றவர்களின் விமர்சனத்துக்கு உட்படுத்துகின்றான். கற்பிப்பவனோ கதவைச் சாத்திக்கொள்கின்றான். அவன் ஓய்வு பெறும் நாளில் முப்பது வருட அனுபவமும் அவனோடு வீடு போய்ச் சேர்கின்றது. கற்பித்தல் ஆசிரிய சமூகத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்பது ஷுல்மனின் வாதமாகும்.

2005 முதல் 2008 வரை கார்னகி மன்றம், ஹியூலெட் மன்றத்தின் உதவியோடு கலிபோர்னியாவின் பதினொரு சமுதாயக் கல்லூரிகளில் இக்கருத்தைப் பரீட்சித்துப் பார்த்தது. பரிகார வகுப்பு ஆசிரியர்கள் சிறு குழுக்களாகக் கூடினர். இவை வெளியிலிருந்து வந்த நிபுணரொருவர் விரிவுரை நிகழ்த்தும் செயலமர்வுகள் அல்ல. மாணவர் எங்கே தடுக்கி விழுகின்றனர் என்ற கேள்வியை ஆசிரியர்களே தெரிவு செய்து, தவணை முழுவதும் அதற்கான சான்றுகளைத் திரட்டினர். மாணவர் ஒருவரிடம் கணக்கொன்றைக் கொடுத்து, வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்லி, அதனை ஒளிப்பதிவு செய்து எல்லோரும் பார்த்தனர். பொதுவான இறுதி வினாத்தாளைச் சேர்ந்து தயாரித்து, வகுப்புவாரியாகப் பெறுபேறுகளை மேசையில் விரித்து வைத்தவர்களும் உண்டு. சக ஆசிரியர் முன்னிலையில் தமது வகுப்பின் புள்ளிகளை வெளிப்படுத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது, கற்பித்தல் தொழிலில் இருப்போருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

இத்தகைய பகிர்வுக்கு விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. பற்றிஷியா குறொஸ், தோமஸ் ஆஞ்சலோ ஆகிய இருவரும் 1988 இல் வெளியிட்டு 1993 இல் விரிவாக்கிய வகுப்பறைக் கணிப்பீட்டு நூல், இக்கல்லூரிகளில் பெரிதும் புழக்கத்துக்கு வந்தது. அதில் மிகவும் பிரபல்யமான உத்தி ஒரு நிமிடத் தாள் என்பதாகும். பாடம் முடிய ஓரிரு நிமிடங்கள் இருக்கையில், இன்று கற்றவற்றுள் மிக முக்கியமானது எது, இன்னும் விளங்காதது எது என்ற இரு கேள்விகளுக்கும் மாணவர் பெயரிடாமல் விடை எழுதித் தருவர். தாம் தெளிவாக விளக்கியதாக ஆசிரியர் நம்பியிருந்த விடயமே விளங்காதவற்றின் பட்டியலில் முதலிடம் பெறுவதுண்டு. அத்தாள்களைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான், குறை தம்முடையதா அல்லது பாடத்தின் ஒழுங்கிலேயே உள்ளதா என்பது தெரிய வருகின்றது.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்வது பயன் தரும். 1970 களில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற இளம் கணிதவியலாளர், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் தோல்வியுறுவது ஏன் எனச் சக ஆசிரியர்களிடம் வினவினார். ஊக்கமின்மை, குடும்பப் பின்னணி, வறுமை, போதிய அடிப்படையின்மை என்பனவே கிடைத்த விடைகள். அவ்விடைகளோடு அவர் திருப்தியடையவில்லை. கறுப்பின மாணவர்களும் சீன வம்சாவளி மாணவர்களும் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை அவர்களோடு கூடவே இருந்து அவதானித்தார். சீன வம்சாவளியினர் தனியே படித்த பின் கூடியிருந்து ஒருவர் விடையை மற்றவர் திருத்தினர். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தனர். ஆயினும் தனியாகவே உழைத்தனர். அதன் பின்னர் அவர் அமைத்த குழு வகுப்புகளில் இலகுவான பரிகாரக் கணக்குகள் கொடுக்கப்படவில்லை; வழமையிலும் கடினமான கணக்குகளே கொடுக்கப்பட்டன. அங்கு வந்தோரின் பெறுபேறுகள் வெகுவாக உயர்ந்தன. மாணவர்களுக்கு உண்மையான இந்நோய் ஆசிரியர்களுக்கும் உண்மையாக இருந்தது என்பதே எமது கருத்தாகும்.

கலிபோர்னியாவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள லொஸ் மெடானோஸ் கல்லூரியின் கணித ஆசிரியை மைரா ஸ்னெல், நீண்ட பரிகார ஏணியை நீக்கிவிட்டு, ஒரே தவணை ஆயத்தத்தின் பின் மாணவர்களை நேரடியாகப் புள்ளிவிபரவியலுக்குக் கொண்டுசெல்லும் பாடநெறியை 2009 இல் ஆரம்பித்தார். தாதியாகவோ சமூகசேவையாளராகவோ வரவுள்ள ஒருவருக்கு இடைநிலை அட்சரகணிதத்தின் சூத்திரங்களிலும் பார்க்கப் புள்ளிவிபரமே பயன்படும் என்பது அவரது நியாயம். சபோ கல்லூரியின் ஆங்கில ஆசிரியை கேற்றி ஹேர்னும் அவரும் இணைந்து 2010 இல் தொடங்கிய முயற்சி, கல்லூரி கல்லூரியாகச் சென்று ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களே விளக்கும் இயக்கமாக வளர்ந்தது. மேலே நாம் காட்டியது போன்ற ஏணிக் கணக்கைத் தத்தமது கல்லூரியின் தரவுகளைக் கொண்டு செய்து பார்க்குமாறு அவர்கள் சக ஆசிரியர்களைக் கேட்டனர். கார்னகி மன்றமும் ட்ரைஸ்மனின் பங்களிப்போடு வகுத்த ஸ்ராற்வே என்ற பாடநெறியை 2011 இல் பல மாநிலங்களில் ஆரம்பித்தது. அதில் சேர்ந்தோரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் ஒரே வருடத்தில் கல்லூரித் தரக் கணிதத்தைக் கடந்தனர்.

2017 ஒக்டோபரில் கலிபோர்னியா மாநிலம் ஏபி 705 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, மாணவர் ஒருவரைப் பரிகார வகுப்புக்கு அனுப்ப விரும்பும் கல்லூரி, அவர் நேரடியாகக் கல்லூரித் தரப் பாடத்தில் சித்தியடைவது பெரிதும் சாத்தியமில்லை என்பதைக் காட்ட வேண்டும். மட்டம் காணும் பரீட்சையின் இடத்தைப் பாடசாலைப் பெறுபேறுகள் பெற்றன. 2019 இலையுதிர் காலத்திலிருந்து இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கல்லூரித் தரக் கணிதத்தை ஒரு வருடத்தில் முடிப்போரின் எண்ணிக்கை பெருமளவு உயர்ந்தது. அதேவேளை அப்பாடத்தில் சித்தியடைவோரின் வீதம் சற்றுக் குறைந்தது. இனங்களுக்கிடையிலான இடைவெளியும் மறைந்துவிடவில்லை. பல வருடங்களின் பின் படிக்க வந்த முதியோர் கைவிடப்படுகின்றனர் என்றும், வகுப்பறையில் உருவான நல்லதொரு முயற்சி சட்டத்தின் கட்டாயமாக மாறிவிட்டது என்றும் ஆசிரியர்களிற் சிலர் குறைகூறினர். இக்குறையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஒருவரோடொருவர் பேசித் தெளிந்த ஆசிரியர் செய்யும் மாற்றமும், சுற்றறிக்கைக்குப் பணிந்து செய்யும் மாற்றமும் ஒன்றல்ல. ஆயினும் பழைய ஏணியைக் காப்பாற்றுவதற்கு இது போதிய நியாயமாகாது.

எமது நாட்டிலும் ஈராண்டுக் கல்லூரி என்ற எண்ணம் புதியதன்று. 1969 இல் கனிஷ்ட பல்கலைக்கழகக் கல்லூரிகள் ஆரம்பிக்கப்பட்டன. 1970 இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. இன்று அவற்றுக்கு மிக நெருக்கமாக இருப்பவை, 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களாகும். பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நான்கிலொருவருக்கே இடம் கிடைக்கும் நாட்டில், யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, சம்மாந்துறை ஆகிய இடங்களிலுள்ள இந்நிறுவகங்களின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. தமிழ் மொழியில் உயர்தரம் கற்று வரும் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் அங்கு உயர் தேசிய டிப்ளோமாவை ஆங்கிலத்தில் கற்க வேண்டியவர்களாக உள்ளனர். கலிபோர்னிய மாணவனுக்கு அட்சரகணிதம் எதுவோ, இவர்களுக்கு ஆங்கிலம் அது. முதலில் ஆங்கிலத்தைத் தனியாகப் படித்து முடித்துவிட்டுப் பாடத்துக்கு வா என்பதா, பாடத்தோடு சேர்த்தே ஆங்கிலத்தைக் கற்பிப்பதா? கணக்கியல் விரிவுரையாளரும் ஆங்கில விரிவுரையாளரும் ஒரே மாணவனின் விடைத்தாளை ஒன்றாக வைத்துப் பார்க்காத வரையில் இதற்கு விடை கிடைக்கப் போவதில்லை.

பாடசாலைகளின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. அண்மைய ஆண்டுகளில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றுவோரில் ஏறக்குறைய மூன்றிலொருவர் கணிதத்தில் சித்தியடைவதில்லை. அதற்குக் கூறப்படும் காரணங்கள், ட்ரைஸ்மனுக்கு அவரது சக ஆசிரியர்கள் கூறிய காரணங்களே. கிழக்கில் இதனோடு இன்னொரு பிரிவினையும் சேர்கின்றது. காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். காத்தான்குடிப் பாடசாலைகள் மட்டக்களப்பு மத்தி கல்வி வலயத்திலும், ஆரையம்பதிப் பாடசாலைகள் மட்டக்களப்பு கல்வி வலயத்திலும் அடங்குகின்றன. இரு ஊர்களிலும் அதே தமிழ்மொழிமூலக் கணிதப் பாடநூலே கற்பிக்கப்படுகின்றது. பிள்ளைகள் அதே இடங்களில்தான் இடறுகின்றனர். ஆனால் சேவைக்காலப் பயிற்சி வலயம் வலயமாக நடைபெறுவதால், இரு ஊர் ஆசிரியர்களும் கூடியிருந்து ஒரு விடைத்தாளைப் பார்ப்பதற்கு வாய்ப்பு அரிதாகவே உள்ளது. அவர்களது மாணவர்கள் பின்னர் ஆரையம்பதி கோவில்குளத்திலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் ஒரே வகுப்பில் சந்திக்கின்றனர். ஆசிரியர்கள் ஏன் அதற்கு முன்னரே சந்திக்கக் கூடாது?

செயலமர்வுகளுக்கு எமது நாட்டில் குறைவில்லை என்று சிலர் கூறலாம். உண்மைதான். மங்கல விளக்கேற்றல் அல்லது கிராஅத், அதிதிகள் உரை, சிற்றுண்டி, வளவாளரின் திரைக்காட்சி, சான்றிதழ் என்று நாள் முடிந்துவிடும். பங்குபற்றிய ஆசிரியர் எவரும் தமது வகுப்பில் தோல்வியடைந்த பாடமொன்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. திறந்தால் அது மதிப்பீட்டு அறிக்கையில் ஏறிவிடுமோ என்ற அச்சமும் நியாயமானதே. கலிபோர்னியக் குழுக்களில் கூறப்பட்டவை ஆசிரியரின் பதவி உயர்வோடு தொடர்புபடாதிருந்தமை ஒரு சிறு விடயமன்று. வலயக் கல்வி அலுவலகம் கூட்டும் கூட்டத்தில் இத்தகைய பாதுகாப்பு கிடைப்பது கடினம். அதிபரோ ஆசிரிய ஆலோசகரோ தலைமை தாங்காத, ஆசிரியர்களே நடத்தும் சிறு கூட்டத்தில் அது சாத்தியம். நான்கு பேர் போதும். ஆசிரிய மத்திய நிலையங்களில் அறைகளும் உள்ளன.

இல்லாதது நேரமே. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பகுதிநேர ஊழியர்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு வாகனத்தில் ஓடுபவர்கள் அவர்களுள் உண்டு. பகிர்வுக் குழுக்கள் நிலைக்காமற்போன இடங்களில் இதுவே முதற் காரணமாயிற்று. எமது உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களும் வருகை விரிவுரையாளர்களில் பெரிதும் தங்கியுள்ளன. அவர்களுக்கான கொடுப்பனவு விரிவுரை நிகழ்த்திய மணித்தியாலங்களுக்கே கணக்கிடப்படுகின்றது. விரிவுரை முடிந்தபின் சக விரிவுரையாளரோடு அமர்ந்து மாணவரின் விடைத்தாள்களை ஆராயும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொடுப்பனவுப் படிவத்தில் நிரல் இல்லை. உயர்கல்விக்குப் பொறுப்பானவர்கள் அந்நிரலைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவைப்படாது.