பணம் போகிறது, பத்திரம் போகவில்லை

தீவகத்தில் நெடுந்தீவுக்காவது தனிப் பிரதேச செயலகம் இருக்கிறது. நயினாதீவு வேலணைப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைக்குள். ஒரு சின்னக் கருவாட்டு வியாபாரத்தின் பெயரைப் பதிவதற்கே இந்த மூன்று தீவுச் சனமும் படகேற வேண்டும். பதிவோடும் அலைச்சல் தீராது. பதிவுப் பத்திரத்தின் பிரதியை வங்கி கேட்கும், திணைக்களம் கேட்கும், விதானையாரின் உறுதிப்படுத்தலும் சேர்த்துக் கேட்கும். ஒன்று குறைந்தால் இன்னொரு நாள், இன்னொரு படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அரசாங்கம் கொடுத்த பத்திரத்தை அரசாங்கத்துக்கே காட்டத்தான் இவ்வளவு பாடும்.

இது தொழில்நுட்பக் குறை அல்ல. 2025 பெப்ரவரி 7இல் தொடங்கிய ‘கவ்பே’ என்ற அரச கட்டணச் சேவை வழியாக, வங்கிச் செயலியிலிருந்தே அரச நிறுவனங்களுக்குப் பணம் கட்டலாம். தனியார் வங்கியின் கணினியும் அரசின் கணினியும் பேசிக்கொள்கின்றன. கட்டணம் வாங்கும்போது பேச முடிந்தவர்களுக்கு, சான்றிதழைச் சரிபார்க்கும்போது மட்டும் ஏன் வாய் அடைத்துப்போகிறது?

எஸ்தோனியா 2001இலேயே ‘எக்ஸ்-ரோட்’ என்ற இணைப்பைத் தொடங்கியது. அங்கே எல்லாத் தரவையும் ஒரே களஞ்சியத்தில் கொட்டவில்லை. ஒவ்வொரு அலுவலகத்தின் தரவும் அதனதன் இடத்திலேயே இருக்கிறது, தேவையானவர் தேவையானதை மட்டும் கேட்டுப் பெறுகிறார், கேட்டது பதிவாகிறது. அரசு ஒருமுறை வாங்கிய விவரத்தை மறுபடி மக்களிடம் கேட்கக்கூடாது என்பதே அங்குள்ள கொள்கை. நமக்கும் வேண்டியது இதுதான்.

ஆனால் காவல் இல்லாத இணைப்பை நாம் ஏற்க முடியாது. போர்க்காலத்தில் பதிவும் விசாரணையும் இந்த மண்ணில் எதற்குப் பயன்பட்டன என்பதை மறந்தவர் இங்கு இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. அந்தச் சட்டம் முழுப் பலத்தோடு நிற்க வேண்டும். அதோடு, இணைப்புச் சேவையின் திரையில் வரும் ஒவ்வொரு வரியும் பிழையில்லாத தமிழில் இருக்க வேண்டும்.

இணைப்பு வேலையைக் கொழும்பில் தொடங்கிக் கடைசியாகத் தீவகத்துக்குக் கொண்டுவராதீர்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு ஒன்றையாவது எடுத்து, வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் முதலில் செய்து காட்டுங்கள். தீவக வாசகர்களே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. எந்த அலுவலகம் எதனோடு இணைந்திருக்கிறது, இணையாதவற்றுக்கு என்ன திட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.