தெளிந்த நீரும் தூய நீரும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது, திருநீர்மலைக்கும் நாகல்கேணிக்கும் இடையிலுள்ள என் சின்னம்மாவின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்பிற் பயிலும் தங்கை திண்ணையில் அமர்ந்து, "கரைசலில் குறைந்த அளவில் இருப்பது கரைபொருள், மிகுந்த அளவில் இருப்பது கரைப்பான்" என்று உருப்போட்டுக் கொண்டிருந்தாள். தமிழ் பயில்வோனாகிய எனக்கு இரசாயன நூலில் என்ன வேலை என்று வாளாவிராமல், "உங்கள் கிணற்று நீர் கரைசலா, அன்றா?" என்று வினவினேன். அவள் நகைத்து, "தண்ணீர் தண்ணீர்தானே, அண்ணா! அடியில் விழுந்த காசுகூடத் தெரிகிறதே" என்றாள்.

இவ்விடையில் குழந்தையின் குற்றம் சிறிதும் இல்லை. பாடம் கண்ணாடிக் குவளையிலும் மயில்துத்தத்திலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. வீட்டுக் கிணறு வரை அது நடந்து வரவில்லை. நம் பக்கத்துப் பள்ளிகளிலேனும் இப்பாடத்தைக் கிணற்றங்கரையினின்று தொடங்குதல் வேண்டும் என்பதே என் துணிபு.

நம் மொழியில் கலங்கல் வேறு, கரைசல் வேறு. ஏரியிற் புதுவெள்ளம் புகுந்தால் நீர் கலங்கும்; மண்துகள் நீரில் மிதக்கும், பொறுத்திருந்தால் படியும், துணியிலும் தங்கும். கலங்கிய நீரில் தேற்றா விதையை இழைத்துத் தெளிய வைத்தலைக் கலித்தொகை உவமையாகவே ஆண்டிருக்கின்றது. ஆனால் உப்பைக் கரைத்த நீரோ கலங்குவதில்லை. உப்பு தன் நுண்கூறுகளாகப் பிரிந்து நீரின் நுண்கூறுகளுக்கிடையே விரவிப் போகின்றது. அது படியாது, எத்துணை நெருங்க நெய்த துணியிலும் தங்காது, தேற்றா விதையும் படிகாரமும் அதன்முன் செயலற்றவை. நம் முன்னோர் கலங்கலுக்கு மருந்து கண்டார். அம்மருந்து கரைசலுக்கு ஆகாது. தெளிவையே தூய்மையென்று நாம் இன்றுங் கொள்ளுதல் அப்பழைய பழக்கத்தின் எச்சம் போலும்.

இவ்வேறுபாடு எங்கட்கு ஏட்டுச் செய்தி அன்று. திருநீர்மலைக்கு அம்மலையைச் சூழ்ந்து நின்ற நீராற் பெயர் வந்தது என்பர். சிறிது தொலைவிலுள்ள குரோம்பேட்டைக்கோ, குரோமியத்தாற் பதனிட்ட தோல் செய்யும் குரோம் லெதர் கம்பெனியாற் பெயர் வந்தது. நீரால் ஓர் ஊரும், நீரிற் கரைந்த ஒரு பொருளால் மற்றோர் ஊரும் பெயர் பெற்று அண்டை அயலாய் இருத்தல் வியப்பே! பல்லாவரம், நாகல்கேணிப் பக்கங்களில் பின்னர்த் தோல் பதனிடுந் தொழிற்சாலைகள் பல எழுந்தன. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுவார். பதனிடுமுன் அவ்வுப்பை நீரிற் கழுவுவார். பின் குரோமிய உப்பு கரைந்த நீரில் தோலை ஊறவைப்பார். நெடுங்காலம் இக்கழிநீர் நிலத்திற் சென்றது. இப்பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியமும் உப்பும் அளவிறந்திருத்தலை ஆய்வாளர் கண்டு வெளியிட்டுள்ளனர். கழிநீரைத் திருத்தப் பொது நிலையம் ஒன்று பிற்காலத்தில் அமைந்தது. ஆயினும் இங்கே கரைசற் பாடம் தன் கடுமையைக் காட்டுகின்றது. பதனிடு நீரிலுள்ள குரோமியத்தைச் சுண்ணாம்பு முதலிய காரங்கள் சேர்த்துக் கரையாப் பொருளாக்கிப் படிய வைக்கலாம். சோற்றுப்பு அவ்வாறு படியாது. நுண்சவ்வினூடே நீரை அழுத்திச் செலுத்தியோ, நீரை ஆவியாக்கியோதான் அதனைப் பிரித்தல் கூடும். இரண்டும் பெருஞ் செலவின. தோற்றொழிலால் உண்டு வாழும் குடும்பங்கள் பல ஆதலின் அத்தொழிலைப் பழிப்பது என் கருத்தன்று.

என் சின்னம்மா குடிநீரை விலைக்கு வாங்குவார். வண்டி வாராத நாளில் கிணற்று நீரைக் காய்ச்சித் துணியில் வடித்து வைப்பார். காய்ச்சுதல் நோய்க்கிருமிகளைக் கொல்லும்; அது நன்றே. நீரின் கடினத் தன்மைக்குக் காரணமான பொருள்களில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெண்படலமாகப் படிதலும் உண்டு. ஏனைய உப்பு எங்கே போகும்? ஆவியாவது நீரே, உப்பன்று. ஒரு லிட்டரில் 2000 மில்லிகிராம் சோற்றுப்பு இருந்து, அந்நீர் அரை லிட்டராகச் சுண்டினால், லிட்டருக்கு 4000 மில்லிகிராம் என்ற கணக்காகிவிடும். குடிநீரிற் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமும், வேறு நீர் கிட்டாவிடத்து 2000 மில்லிகிராமும் என்பது இந்தியத் தர அளவு. குரோமியத்திற்கோ 0.05 மில்லிகிராமே எல்லை. அத்துணைச் சிறிய அளவைக் கண் காணாது, நாவும் அறியாது.

இவற்றைத் தமிழிற் சொல்ல இயலாது என்பார் இன்னும் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷன் மருத்துவராயிருந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரின் முயற்சியால் 1875-லேயே 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. பெயரை அப்படியே கடன்கொண்டாரேனும் பொருளைத் தமிழிற் சொல்லத் தயங்கவில்லை. இன்றைய பாடநூலிலுள்ள 'தெவிட்டிய கரைசல்' என்னுஞ் சொல்லைப் பாருங்கள். 25 பாகை வெப்பத்தில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பை ஏற்கும். மேலிட்டால் ஏற்காமல் அடியில் விட்டுவிடும். இனிப்பை மிகுத்துண்ட நாவுக்கு வரும் தெவிட்டலை நீருக்கு ஏற்றிச் சொன்னவர் யாரோ, அவர் நல்ல தமிழறிஞர்! இத்தகைய சொல்லை விளக்காமல் மனப்பாடஞ் செய்விப்பது அச்சொல்லுக்கே இழைக்கும் தீங்கு. (தூய தமிழுக்காக உழைத்த மறைமலையடிகள் வாழ்ந்ததும் இதே பல்லாவரம், தூய நீருக்கும் அங்கே ஓர் இயக்கம் வேண்டும் போலும்.)

அன்று யானும் தங்கையும் இரண்டு வெண்பீங்கான் தட்டுகளை எடுத்தோம். ஒன்றில் முன்னிரவிற் பெய்த கோடை மழையில் பிடித்து வைத்த நீரையும், மற்றொன்றில் கிணற்று நீரையும் ஒரே அளவாக ஊற்றி மொட்டைமாடியில் வைத்தோம். மறுநாள் வெயிலில் இரண்டும் வற்றின. மழைநீர்த் தட்டில் சிறிது தூசி தவிர ஒன்றும் இல்லை. கிணற்று நீர்த் தட்டில் கரையோரமாக வெண்ணிற வளையம் ஒன்று தடித்து நின்றது. குரோமியம் உண்டா இல்லையா என்பதை இச்சோதனை காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். ஆனால் கரைபொருள், கரைப்பான் என்பன யாவை என்று அவளிடம் மீண்டும் கேட்கத் தேவை நேரவில்லை. கரைப்பான் வானேறிப் போயிற்று, கரைபொருள் தட்டிலே தங்கிற்று. சின்னம்மா அவ்வளையத்தை நகத்தாற் சுரண்டிப் பார்த்து, "இவ்வளவும் இதற்குள்ளேயா இருந்தது?" என்றார்.