'எஸ்' வேட்டை

குன்னூர் எஸ்டேட் லைன்களில் சாயங்காலம் டியூஷன் நடக்கும் வீடுகளைத் தாண்டிப் போனால் இது கட்டாயம் காதில் விழும்: "ஷி கோ இல்லடா, ஷி கோஸ்! எத்தனை தடவை சொல்றது?" நோட்டைத் திறந்தால் பக்கமெல்லாம் சிவப்பு மை. அத்தனையும் வீண் என்பது என் கட்சி.

"தமிழில் யோசித்து இங்கிலீஷில் பேசுகிறான்" என்று காரணம் சொல்வார்கள். சரி, தமிழைப் பாருங்கள். அவன் போகிறான், அவள் போகிறாள், அது போகிறது. ஒவ்வொரு வினைக்கும் வால் உண்டு. பள்ளிக்கூடம் போகுமுன்பே இத்தனை வாலையும் போடத் தெரிந்த பிள்ளை தமிழில் யோசித்தால், ஒரு 'எஸ்'ஸையா விடும்?

சங்கதி வேறு. ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்கர், ஆங்கிலமே தாய்மொழியான மூன்று குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்து 1973-ல் புத்தகம் போட்டார். 'கோயிங்'கில் வரும் 'இங்' சீக்கிரமே படிந்துவிட்டது. இந்த 'எஸ்' வெகு பின்னால்தான் வந்தது. மறுவருஷம் டூலே, பர்ட் இருவரும் அமெரிக்காவில் ஸ்பானிஷ், சீன வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அங்கேயும் 'எஸ்' கடைசி பெஞ்சில்தான். வெள்ளைக்காரப் பிள்ளைக்கே தாமதமாக வருவதை நம் பிள்ளையிடம் மூன்றாம் வகுப்பிலேயே கேட்டால் எப்படி?

லைன் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைப்பதே வகுப்பிலும் டியூஷனிலும்தான். அந்த நேரமும் 'எஸ்' வேட்டையில் போனால் வாயை மூடிக்கொள்கிறான். பிறகு கோயம்புத்தூரில் இன்டர்வியூவில் உட்காரும்போதும் அந்த வாய் திறப்பதில்லை.

இலக்கணமே வேண்டாமா என்பீர்கள். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூர், சென்னை வட்டாரப் பள்ளிகளில் இதைத்தான் சோதித்தார். இலக்கணப் பாடம் கிடையாது. வரைபடம், ரயில் கால அட்டவணை என்று கொடுத்து விடை கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும்போது இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. பின்னால் வந்த மதிப்பீட்டில் வழக்கமான இலக்கணத் தேர்வில் பழைய முறைப் பிள்ளைகளே முந்தினார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். பொதுவான தேர்வுகளில் பெரும்பாலும் பிரபுவின் பிள்ளைகள் கை ஓங்கியது.

நமக்கோ அட்டவணை வீட்டு வாசலில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர் மலை ரயில். குன்னூரில் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். "இட் சேஞ்ச் இன்ஜின்" என்பான். "யெஸ், இட் சேஞ்சஸ் தி இன்ஜின்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள்.