பங்காருப் பாம்பும் நம் கட்டுவிரியனும்

நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் சன்னலோரக் குடுவை ஒன்றில் ஒரு பாம்பு சுருண்டு கிடக்கிறது. சீட்டில் ‘பங்காரஸ் செருலியஸ்’ என்று எழுதியிருக்கும். செய்முறைத் தேர்வுக்காக அதை மந்திரம்போல் உருப்போடாத மாணவர் நம்மில் எவர்? ஏதோ இலத்தீன் என்றே நானும் எண்ணியிருந்தேன்.

இலத்தீன் பாதிதான், மறுபாதி தெலுங்கு! கம்பெனி ஆட்சியின்போது விசாகப்பட்டினத்தில் இருந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், அப்பகுதி மக்கள் பாம்புகளுக்கு வழங்கிய பெயர்களையும் சேர்த்து 1796இல் நூல் வெளியிட்டார். மஞ்சள் பட்டைகள் கொண்ட ஒரு பாம்பு அவர்களுக்குப் ‘பங்காருப் பாமு’, அதாவது பொன் பாம்பு. 1803இல் பிரெஞ்சு அறிஞர் டாடின் அச்சொல்லையே பேரினப் பெயராக்கினார். நம் கட்டுவிரியனுக்கோ 1801இலேயே ஷ்னைடர், நீலம் என்று பொருள்படும் பெயரை வேறொரு பேரினத்தின் கீழ் இட்டிருந்தார். பேரினம் மாறியதால் அவர் பெயரை இன்றும் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். (அக்குறியை விட்டு நான் மதிப்பெண் இழந்தது தனிக்கதை.)

பொன்னே இல்லாத கரும்பாம்புக்குப் பொன்னின் பெயரா என்று நகைக்கலாம். ஆனால் நம் பெயரால் நேர்ந்தது நகைப்புக்குரியதன்று. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றோடு இதையும் விரியன் என்றே அழைக்கிறோம். உண்மையில் இது நல்லபாம்பின் குடும்பம். நஞ்சு நரம்பைத் தாக்கும்; கடிவாயில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா.

தரையில் படுத்திருந்த என் சித்தப்பா, நள்ளிரவில் காலில் ஏதோ சுருக்கென்றது என்று எழுந்தார். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் கட்டுவிரியன். “விரியன் கடித்தால் கால் வீங்குமே, பல் படவில்லை” என்றார் ஊர்ப் பெரியவர். எல்லோரும் நம்பினோம். விடியுமுன் சித்தப்பாவால் இமையைத் தூக்க முடியவில்லை. வண்டி வருமுன் மூச்சும் நின்றது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிற்கும் நம் நாட்டில் தரப்படும் நஞ்சுமுறி மருந்து ஒன்றே. வீக்கத்துக்கும் காத்திருக்க வேண்டாம். பெயருக்கும் காத்திருக்க வேண்டாம். இதைச் சொல்லாமல் பெயரை மட்டும் உருப்போட வைக்கும் பாடம் யாருக்கு? குடுவைச் சீட்டில் தமிழ்ப் பெயரும், கடித்தால் காணும் குறிகளும் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. சென்ற வாரம் நானே ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். பிழையிருந்தால் ஆசிரியப் பெருமக்கள் திருத்தட்டும், கிழித்துவிட வேண்டாம்.