பேனா யாருது பாஸ்?

காமிக்ஸ் படிக்கிற நாலு பேர் ஒரே ரூம்ல உட்கார்ந்தா, அரை மணி நேரத்துல அது பட்டிமன்றமாகிடும். தீர்ப்பு சொல்ல நடுவர் மட்டும் இருக்க மாட்டார். 'பேட்மேன் பெருசா, சூப்பர்மேன் பெருசா'ங்கிற சண்டையெல்லாம் ஒன்பதாம் கிளாஸோட முடிஞ்சுபோச்சு. காலேஜ் லெவல் சண்டையே வேற. கதை எழுதினவங்கள்ல யார் கில்லி?

எங்க ஹாஸ்டல்ல ரெண்டு பெரிய கட்சி இருக்கு. ஒண்ணு ஆலன் மூர் கட்சி. இவங்க துருப்புச்சீட்டு 'வாட்ச்மென்'. 1986-ல ஆரம்பிச்சு 1987-ல முடிஞ்ச 12 இதழ். முதல் இதழுக்கு மட்டும் மூர் அனுப்பின ஸ்க்ரிப்ட் 101 டைப் பக்கம்! ஒவ்வொரு கட்டத்துலயும் என்னென்ன தெரியணும்னு பத்தி பத்தியா விவரிச்சிருப்பார். ஓவியர் டேவ் கிப்பன்ஸ் அதையெல்லாம் படிச்சு முடிச்சுட்டுத்தான் பென்சிலைத் தொடணும். அஞ்சாவது இதழை எடுத்துப் பாருங்க. முதல் பக்கத்தோட கட்ட அமைப்பும் கடைசிப் பக்கத்தோட அமைப்பும் கண்ணாடில பார்த்த மாதிரி இருக்கும். ரெண்டாவது பக்கத்துக்குக் கடைசிக்கு முந்தின பக்கம் ஜோடி. இப்படியே நடுப்பக்கம் வரைக்கும் போகும். நாங்க இன்ஜினீயரிங் டிராயிங்ல சிம்மெட்ரி போட முழி பிதுங்கினதை நினைச்சுப் பாருங்க. மனுஷன் கதைலயே போட்டிருக்கார்.

இன்னொண்ணு ஃபிராங்க் மில்லர் கட்சி. அதே 1986-ல வந்த 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' இவங்க கொடி. பேட்மேனுக்கு 55 வயசு. வேலையை விட்டு பத்து வருஷமாச்சு. திரும்ப முகமூடியை மாட்டுறார். 'எங்காளு எழுதவும் செய்வார், வரையவும் செய்வார். உங்காளுக்கு 101 பக்கம் எழுதினாலும் இன்னொருத்தர் வந்து வரைஞ்சாகணும்'னு ஒரு போடு போடுவாங்க. மூர் கட்சி அப்போ கொஞ்சம் பம்மும்.

என் ஓட்டு மூருக்குத்தான். ஆனா காமிக்ஸே தொடாத ஒருத்தன் முதல்முதலா புக் கேட்டா, மில்லரைத்தான் எடுத்துக் கொடுப்பேன். 'வாட்ச்மெனை' முதல் நாளே கொடுத்தா பையன் மறுபடி இந்தப் பக்கமே வர மாட்டான்.

இந்தச் சண்டை உச்சத்துல இருக்கும்போதுதான் ஒரு சீனியர் மூணாவது கட்சியைத் திறந்தார். மாமா வீட்டுப் பரண்ல இருந்து எடுத்துட்டு வந்த பழைய லயன் காமிக்ஸ் கட்டு ஒண்ணு கையில. 'டேய், உங்க இங்கிலீஷ் பீட்டரெல்லாம் இருக்கட்டும். குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரை எழுதினவன் கால் தூசிக்கு வருவாங்களாடா உங்காளுங்க?'

கூர்மண்டையரைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. உலகத்தையே ஆட்டிப் படைக்கணும்னு கிளம்பின வில்லன்தான் இந்தக் கதையோட ஹீரோ. ஹெலிகார்ல பறப்பார், வலை வீசுவார், வாய்ச்சவடாலுக்குப் பஞ்சமே இருக்காது. லாஜிக்? காதுல பூ இல்லை, பூக்கூடை! ஆனா 80-கள்ல சிவகாசில இருந்து புக் வர்ற நாளை எண்ணிட்டு இருந்த மாமாக்களுக்கு அவர்தான் சூப்பர் ஸ்டார்.

மூர் கட்சிக்காரன் அமைதியா ஒரே ஒரு கேள்வி கேட்டான். 'சரிண்ணே, எழுதினது யாரு?'

சீனியர் கட்டைப் புரட்டினார். பேர் இல்லை. அது இங்க போட்டவங்க மறந்த விஷயம் இல்லை. பிரிட்டன்ல இந்தக் கதைகள் வந்த வார இதழ்கள்லயே எழுத்தாளர், ஓவியர் பேரைப் போடுற பழக்கம் கிடையாது. 1977-ல வந்த '2000 ஏடி' இதழ்தான் அங்க அதை மாத்திச்சு. 1972-ல முத்து காமிக்ஸ் முதல் இதழா வந்து இன்னிக்கும் கொண்டாடப்படுற இரும்புக்கை மாயாவிக்கும் இதே கதிதான். அதை முதல்ல எழுதினது கென் பல்மர்னு ஒரு விஞ்ஞானக் கதை எழுத்தாளர், அப்புறம் டாம் டல்லி. மாயாவி பேரைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்ற ரசிகருக்கு இந்த ரெண்டு பேரும் புதுசா இருக்கும்.

ஸ்பைடர் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1965-ல பிரிட்டனோட 'லயன்' வார இதழ்ல (ஆமா, அங்கயும் லயன்தான்!) டெட் கோவன் தொடங்கின தொடர் அது. சீக்கிரமே இன்னொருத்தர் கைக்குப் போச்சு. அவர் பேர் ஜெர்ரி சீகல். எங்கயோ கேட்ட பேரா இருக்கா? ஜோ ஷஸ்டரோட சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கினவர்!

சூப்பர்மேனைப் படைச்சவர் எதுக்கு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு இதழுக்குப் பேர் போடாம எழுதணும்? 1938-ல சூப்பர்மேனோட மொத்த உரிமையையும் சீகலும் ஷஸ்டரும் எழுதிக் கொடுத்தது 130 டாலருக்கு. அதையும் ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கணும். 1947-ல கேஸ் போட்டாங்க. வேலையும் போச்சு, படைப்பாளிகள்னு புக்ல வந்துட்டிருந்த பேரும் போச்சு. 1959-ல சீகல் திரும்பவும் அதே கம்பெனிக்கு வந்து, தான் பெத்த சூப்பர்மேனுக்கே கூலிக்குக் கதை எழுதினார். 1961-ல கற்பனைக் கதைன்னு சொல்லி சூப்பர்மேன் சாகிற மாதிரி ஒண்ணு வந்துச்சே, ரசிகர்கள் கண்ணைக் கசக்கிட்டுப் படிச்சது, அது இவர் எழுதினதுதான். அதுலயும் பேர் கிடையாது. உரிமை பத்தி மறுபடி வாயைத் திறந்ததும் மறுபடி வெளிய. ஸ்பைடருக்கு அவர் எழுதினது இந்தச் சமயத்துலதான். நம்ம மாமாக்கள் விழுந்து விழுந்து படிச்சது சூப்பர்மேனோட அப்பா எழுதினதை. யாருக்கும் தெரியாமலே!

1975-ல, சூப்பர்மேன் படம் எடுக்கிற பேச்சு அடிபட்டப்போ, சீகல் ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். பத்திரிகைகள் எழுத ஆரம்பிச்சதும்தான் வருஷத்துக்கு ஆளுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைப்பாளிகள்ங்கிற பேரும் திரும்பக் கிடைச்சது.

பேட்மேன் கட்சிக்காரங்க சிரிக்க வேணாம். உங்க வீட்டுக் கதை இதைவிட மோசம். 1939-ல பாப் கேன் வரைஞ்சுட்டு வந்த பேட்மேன் சிவப்பு டிரெஸ்ல, முதுகுல விறைப்பா ரெண்டு ரெக்கையோட இருந்தார். அந்த ரெக்கையைப் பறக்கிற அங்கியா மாத்து, முகத்துக்கு முழு மூடி போடு, சிவப்பை எடுத்துட்டு சாம்பல் நிறம் கொடுன்னு சொன்னது பில் ஃபிங்கர். புரூஸ் வேய்ன்ங்கிற பேர், காத்தம் நகரம்ங்கிற பேர், முதல் கதை எல்லாம் அவர் தலையில உதிச்சதுதான். ஆனா ஒப்பந்தத்துல இருந்த பேர் பாப் கேன் மட்டும். ஃபைனல் இயர் புராஜெக்ட்ல ராத்திரி முழுக்க கண் முழிச்சு கோடிங் அடிச்சவன் ஒருத்தன், வைவால வாய் கிழியப் பேசி மார்க் அள்ளினவன் இன்னொருத்தன் இல்லையா, அதேதான். ஃபிங்கர் 1974-ல இறந்தார். அவர் பேரையும் சேர்த்துப் போட்டிருக்கலாமேன்னு பாப் கேன் பின்னாடி தன் சுயசரிதைல வருத்தப்பட்டார். கம்பெனி அதிகாரபூர்வமா பேரைச் சேர்க்க 2015 ஆச்சு.

இப்போ மார்வெல் ரசிகர்கள் 'எங்க ஸ்டான் லீ எல்லார் பேரையும் முதல் பக்கத்துலயே பட்டப்பேரோட போட்டாரே!'ன்னு வருவீங்க. போட்டார், மறுக்கலை. ஆனா 'கதை: ஸ்டான் லீ'ன்னு இருக்கே, அங்கதான் வில்லங்கம். அவங்க முறைல முழு ஸ்க்ரிப்ட் கிடையாது. லீ கதையோட போக்கைச் சொல்வார், சில நேரம் நாலு வரிதான். ஜாக் கிர்பி மொத்தக் கதையையும் காட்சி காட்சியா யோசிச்சு வரைஞ்சு, ஓரத்துல குறிப்பும் எழுதி அனுப்புவார். அதுக்கப்புறம் லீ வசனத்தை நிரப்புவார். 1966-ல 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 48-வது இதழுக்குப் பக்கங்கள் வந்தப்போ, சர்ஃபிங் பலகை மேல வெள்ளியா ஒருத்தன் பறந்துட்டிருந்தான். லீ அப்படி ஒரு ஆளைப் பத்திப் பேசவே இல்லை. கிர்பி தானா சேர்த்தது. அவன்தான் சில்வர் சர்ஃபர்.

அப்போ எழுத்தாளர் யாரு? கிர்பிதான்னு ஒரே போடா போட எனக்கு மனசு வரலை. வெள்ளி உடம்பை வரைஞ்சது கிர்பின்னா, ஞானி மாதிரி அவன் பேசின பேச்சு லீயோடது. ஸ்பைடர்மேன்ல டிட்கோ தனியாவே கதை அமைச்ச இதழ்கள்லகூட பீட்டர் பார்க்கரோட நக்கல் லீகிட்ட இருந்துதான் வந்தது. ரெண்டு பேர் பேரும் ஒரே அளவு எழுத்துல வரணும், அவ்வளவுதான் என் கட்சி. கிர்பி 1994-ல இறந்தார். குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் நடந்த வழக்கு 2014-லதான் சமரசத்துல முடிஞ்சுது.

உரிய பாராட்டு கிடைக்காம போன எழுத்தாளர்களுக்குன்னு 2005-ல அமெரிக்காவுல ஒரு விருது ஆரம்பிச்சாங்க. பேர் பில் ஃபிங்கர் விருது. ஒவ்வொரு வருஷமும் உயிரோட இருக்கிற ஒருத்தருக்கு, மறைஞ்சுபோன ஒருத்தருக்கு. மறைஞ்சவங்க வரிசைல முதல் விருது ஜெர்ரி சீகலுக்கு. அவர் இறந்து அப்போ ஒன்பது வருஷம். விஷயத்தைச் சொன்னதும் சீனியர் அந்த ஸ்பைடர் கட்டுக்கு மேலட்டை போட்டு, ஒவ்வொண்ணுலயும் பேனாவால 'கதை'ன்னு எழுதி, பக்கத்துல பேரை நிரப்பிட்டு இருக்கார். எது கோவன், எது சீகல்னு பிரிக்கிறதுல இப்போ புதுச் சண்டை.

அடுத்த வாரம் ஓவியர் கட்சிக்கு மைக். ரெஜ் பன் ரசிகர்கள் யாராவது இருந்தா ரெடியாகுங்க!